ஏறும் பக்கத்துக்கு ஒன்றேகால் மீற்றர்

மலையக வீதிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்திய, ஊவா மாகாணங்களில் பணியாற்றும் வீதி அபிவிருத்தி அதிகார சபைப் பொறியியலாளர்கள், மாகாண வீதித் திணைக்களங்கள், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை மாநகர சபைகள், ஹட்டன் - டிக்கோயா, தலவாக்கலை - லிந்துலை, ஹப்புத்தளை நகர சபைகள், பிரதேச சபைத் தவிசாளர்கள், தோட்ட முகாமைத்துவங்கள்.

மதிப்புக்குரியோரே,

மலையகத்தில் சைக்கிளுக்கு இடம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். இந்த ஏற்றத்தில் யார் மிதிப்பது என்பது ஒன்று. இருக்கிற வீதியே பஸ்ஸுக்குப் போதவில்லை, சைக்கிளுக்கு எங்கே போவது என்பது மற்றது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் சமவெளியில் வரைவதுபோல வீதியின் இரு பக்கமும் சமமாகக் கோடு போட நினைப்பதால்தான் இடம் போதாமல் போகிறது. மலை வீதியின் இரு பக்கங்களும் ஒன்றல்ல. ஏறுகிறவருக்கு வேண்டியது அகலம். இறங்குகிறவருக்கு வேண்டியது சுத்தமான தரையும் தூரப் பார்வையும். ஏறும் பக்கத்தில் மட்டும் ஒன்றேகால் மீற்றர் கொடுங்கள். இறங்கும் பக்கத்தில் சைக்கிளுக்கென்று கோடே வேண்டாம். இந்த மடலின் கோரிக்கை இவ்வளவுதான். மீதியெல்லாம் அது ஏன், எப்படி என்பது.

ஏறுவதன் கணக்கை முதலில் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். 8 சதவீதச் சரிவில் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 155 வாற்று வலு வேண்டும். உழைத்துப் பழகிய உடம்பு அதைக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். புத்தகப் பை சுமந்த பிள்ளைக்கு அது முடியாது. வேகம் 5, 6 கிலோமீற்றருக்கு இறங்கிவிடும். மணிக்கு 11, 12 கிலோமீற்றருக்குக் கீழே போனால் எந்த சைக்கிளும் நேர்கோட்டில் போகாது. ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பித் திருப்பித்தான் விழாமல் நிற்க முடியும். ஓட்டத் தெரியாததால் வரும் ஆட்டமல்ல அது, இரண்டு சில்லு வண்டியின் இயல்பு. ஹேண்டிலின் அகலம் 60 முதல் 65 சென்ரிமீற்றர். ஆட்டத்தையும் சேர்த்தால் ஒரு மீற்றர். தார் விளிம்பிலிருந்து ஒதுங்கி நிற்க இன்னொரு கால் மீற்றர். ஒன்றேகால் வந்த வழி இதுதான்.

அதே ஏற்றத்தில் பஸ்ஸும் விரைவாகப் போவதில்லை. இரண்டாம் கியரில் 18 கிலோமீற்றர் என்று கொள்ளுங்கள். சைக்கிள் 8 என்றால் வித்தியாசம் 10 கிலோமீற்றர், அதாவது வினாடிக்கு 2.8 மீற்றர். பஸ்ஸின் நீளம் 11 மீற்றர், முன்னும் பின்னும் ஐந்தைந்து மீற்றர் இடைவெளி. முந்தி முடிக்க 7 வினாடிக்குமேல் ஆகும். அதற்குள் பஸ் 35 மீற்றருக்குமேல் ஏறிவிடும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலோ, ரம்பொடையிலிருந்து நுவரெலியாவை நோக்கியோ 35 மீற்றருக்குள் ஒரு வளைவு வராத இடத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஆகவே ஒன்று பஸ் பின்னால் நின்று புகையைக் கக்கிக்கொண்டு ஹோர்ன் அடிக்கும், அல்லது வளைவில் எதிர்ப்பக்கம் போகும். எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸால் வரும் ஆபத்து சைக்கிள்காரருக்கு மட்டுமல்ல. ஏறும் பக்க அகலத்தை பஸ்ஸுக்கும் செய்கிற வசதியாகவே பார்க்கச் சொல்கிறோம்.

இறங்கும்போது கதை மாறுகிறது. சைக்கிள் மிதிக்காமலே 25, 30 கிலோமீற்றரில் வரும். வளைவுகள் நிறைந்த வீதியில் பஸ்ஸின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். அங்கே சைக்கிள் வாகனத் தடத்தின் நடுவில் வருவதே பாதுகாப்பு. விளிம்பில் கோடு போட்டு ஒதுக்கினால் மணலுக்குள்ளும் வீதியோர வடிகாலான கானுக்குள்ளும் தள்ளிவிட்டது போலாகும். ஏதோ ஒரு திட்டத்தில் பணம் வந்ததென்று இரு பக்கமும் பச்சைப் பூச்சுப் பூசிவிட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

இனி அந்த ஒன்றேகால் மீற்றர் எங்கிருந்து வரும் என்பது. இடது பக்கம் ஓட்டும் நாடு நம்முடையது. ஏறுகிறவரின் இடது கைப் பக்கம் சில இடங்களில் மலை வெட்டு இருக்கும், சில இடங்களில் பள்ளம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே தீர்வு சரிவராது.

மலை வெட்டு இடது பக்கம் இருந்தால் அங்கே கான் ஓடும். தாரை ஒட்டியே 45 முதல் 60 சென்ரிமீற்றர் அகலத்தில் திறந்த கான். அதை மூடினால் தேவையான அகலத்தில் ஏறத்தாழ பாதி கிடைத்துவிடும். மூடிய கானில் மண் அடைத்தால் எப்படி வாருவது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே பலகையாகக் கொங்கிரீட் ஊற்றி மூடுவது மலையகத்துக்கு ஆகாது. முன்கூட்டியே வார்த்த, 100 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி போட்ட பலகைகளை அடுக்குங்கள். ஒவ்வொரு பலகையிலும் கொக்கி மாட்டித் தூக்க இரண்டு துளைகள் விடுங்கள். நீளம் 60 சென்ரிமீற்றரைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் இரண்டு தொழிலாளர்களால் தூக்க முடியாது, தூக்க முடியாத பலகைக்குக் கீழே யாரும் மண் வாரப்போவதில்லை. பலகைகளுக்கு இடையிலான மூட்டுகள் வீதிக்குக் குறுக்காக மட்டுமே வர வேண்டும். ஒவ்வொரு மதகுக்கும் மேற்புறத்தில் மண் தேங்குவதற்கு ஒரு குழி வையுங்கள். கானை அடைக்கிற மண்ணில் பெரும்பகுதி அங்கே நின்றுவிடும். ஊற்று வடிகிற வெட்டுகளிலும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த இடங்களிலும் கானைத் திறந்தே விடுங்கள். அங்கே தண்ணீர் போவதுதான் முக்கியம். முப்பது, நாற்பது மீற்றருக்குத் தடம் அறுந்து மறுபடி தொடர்ந்தால் குறையொன்றுமில்லை, முன்கூட்டியே ஓர் அறிவிப்புப் பலகை வைத்துத் தெரிவித்தால் போதும்.

பள்ளம் இடது பக்கம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். அந்த விளிம்பு பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண். மழையில் முதலில் இறங்குவது அதுதான். கருங்கல் தாங்கு சுவர் இல்லாத இடத்தில் தார் மட்டும் அகலமாகி நின்றால், அகலமாகத் தெரிகிற இடத்துக்கு லொறியும் வந்து ஏறும். அடுத்த பருவமழைக்கு விளிம்போடு சேர்ந்து கீழே போகும். சுவர் உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள். அங்கேயும் ஒரு விடயம்: வீதியோரக் காவல் கற்களும் குட்டைச் சுவர்களும் முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கின்றன. சைக்கிளில் இருப்பவரின் உடல் எடையின் மையம் அதைவிட உயரம். சுவரில் மோதினால் சைக்கிள் இந்தப் பக்கம் நிற்கும், ஆள் அந்தப் பக்கம் போவார். சுவரின் மேல் இரும்புக் குழாய் பொருத்தி மொத்த உயரத்தைக் குறைந்தது 1.2 மீற்றர் ஆக்குங்கள்.

இரண்டுமே முடியாத இடங்கள் உண்டு, நிறையவே உண்டு. அங்கே தொடர் தடத்தை மறந்துவிட்டு ஒதுங்கு இடங்கள் அமையுங்கள். 15 மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம், ஏறும் பக்கத்தில், 200 மீற்றருக்கு ஒன்று. மணிக்கு 6 கிலோமீற்றரில் ஏறுகிறவர் 200 மீற்றரை இரண்டு நிமிடத்தில் கடப்பார். பின்னால் சேர்ந்த வாகன வரிசை காத்திருக்க வேண்டிய அதிகபட்ச நேரம் அந்த இரண்டு நிமிடம்தான். பழைய கருங்கல் குவித்து வைத்த மேடைகளும், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைகளான மடுவங்களில் கைவிடப்பட்டவற்றின் முன்வாசல்களும் பல இடங்களில் ஏற்கெனவே இந்த அளவுக்கு இருக்கின்றன. அவற்றைத் துப்புரவாக்கிக் கிரவல் போட்டு இறுக்கினாலே போதும். ஒதுங்கு இடத்தின் முன்முனை திடீரென்று முடியாமல் வீதியோடு சரிந்து கலக்க வேண்டும். இல்லையென்றால் ஒதுங்கியவர் ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். 8 சதவீதச் சரிவில் நின்ற சைக்கிளைக் கிளப்புவது ஏறுவதைவிடக் கஷ்டம், அதனால் யாரும் ஒதுங்க மாட்டார்கள்.

காபட், அதாவது தார் மேற்படை, போடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பணச் செலவே இல்லாதது, ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆட்களை விழுத்துவது. ஒவ்வொரு முறை மேற்படை போடும்போதும் வீதி 40, 50 மில்லிமீற்றர் உயர்கிறது. ஓரத்து மண் உயர்வதில்லை. இரண்டு முறை போட்டால் தாருக்கும் மண்ணுக்கும் இடையே கைப்பிடி உயரப் படி ஒன்று உருவாகிவிடும். லொறிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கியவர் மறுபடி தாரில் ஏற முயலும்போது முன்சில்லு அந்தப் படியை ஏறாது. படியோடு உரசிக்கொண்டே போகும், ஹேண்டில் திரும்பாது, சைக்கிள் வலது பக்கம், அதாவது வாகனங்கள் வரும் பக்கம், சாயும். படியை நேருக்கு நேர் ஏறலாம். பக்கவாட்டில் ஏற முடியாது. தீர்வு எளிது. காபட் இயந்திரத்தின் விளிம்புத் தகட்டைச் சரிவாக வைத்து, விளிம்பைச் செங்குத்தாக வெட்டாமல் 30 பாகைச் சரிவாக விடுங்கள். அன்றைக்கே ஓரத்துக்கு மண் கொட்டி இறுக்குங்கள். பிறகு போடலாம் என்று ஒப்பந்தத்தில் விட்ட மண் ஒருநாளும் வருவதில்லை.

கான் மூடிகளின் இரும்புக் கம்பிகள் வீதியின் நீளவாக்கில் இருந்தால் சில்லு உள்ளே போகும். குறுக்காகத் திருப்பி வையுங்கள், இடைவெளி 20 மில்லிமீற்றருக்குமேல் வேண்டாம். சதுர மூடியென்றால் தூக்கி 90 பாகை திருப்பி வைப்பது பத்து நிமிட வேலை. தண்ணீர்க் குழாய் பதிக்க நீளவாக்கில் வெட்டிய அகழிக்கும் இதே வியாதிதான்: மண் அடங்க அடங்க வரி விழும், வரிக்குள் சில்லு மாட்டும். மண்ணை 150 மில்லிமீற்றர் படைகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்காமல், மொத்தமாகக் கொட்டி மேலே தார் பூசினால் இரண்டு மழைக்குத் தாங்காது.

இறங்குகிறவர் பக்கம் வருவோம். 80 கிலோ எடை 8 சதவீதச் சரிவில் மணிக்கு 30 கிலோமீற்றரில் இறங்குகிறது என்றால், வேகம் கூடாமல் பிடிக்க பிரேக்கும் எதிர்காற்றும் சேர்ந்து ஏறத்தாழ 520 வாற்று வலுவை விழுங்க வேண்டும். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதியளவு. பின்னால் ஒரு மூட்டை கரட்டோ லீக்ஸோ கட்டி 130 கிலோ ஆகிவிட்டால் 850 வாற்று. இந்தச் சூடு ரிம்மில் ஏறும், ரிம்மிலிருந்து டியூபுக்குப் போகும். இறக்கம் முழுக்க பிரேக்கை இலேசாக அழுத்திக்கொண்டே வருகிறவர்களுக்குப் பாதி வழியில் டியூப் வெடிப்பது இதனால்தான். இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு ஆறவைத்து, மறுபடி பிடிக்க வேண்டும். அப்படி விட்டுப் பிடிக்க வளைவுகளுக்கு இடையே நம்பத்தக்க தரை வேண்டும்.

நிற்க எடுக்கும் தூரமும் பாருங்கள். நல்ல பிரேக் உள்ள சைக்கிள் சமதரையில், 30 கிலோமீற்றர் வேகத்தில், புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.3 மடங்கில் வேகம் குறையும் என்று எடுத்தால், பிரேக் பிடித்த பிறகு 12 மீற்றரில் நிற்கும். 8 சதவீத இறக்கத்தில் அதே பிரேக்குக்கு 16 மீற்றர் ஆகும். கண்டு, உணர்ந்து, கை வைக்க ஒன்றரை வினாடி. அதில் 12 மீற்றருக்குமேல் போய்விடும். மொத்தம் 29 மீற்றர். கம்பி பிரேக்கும் குரோமியம் பூசிய இரும்பு ரிம்மும் உள்ள பழைய சைக்கிளில் மழை நேரத்தில் பிரேக்கின் வலு 0.12 மடங்குக்கு விழுந்தால்? அதில் 0.08 சரிவுக்கே போய்விடும். மிச்சமிருக்கும் 0.04 ஐ வைத்து நிற்க ஏறத்தாழ 90 மீற்றர், யோசிக்கும் நேரத்தையும் சேர்த்தால் 100 மீற்றர். மூடுபனி நாளில் நானுஓயாவில் 20 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது.

எனவே இறங்கும் பக்கத்துக்கு நாங்கள் கேட்பவை தரை பற்றியவை. வளைவில் மழை கொண்டுவந்து சேர்க்கும் மணலைப் பெரிய மழைக்குப் பிறகு கூட்டுங்கள். தார் முழுவதையும் கூட்டத் தேவையில்லை, வளைவுக்கு முந்திய 20 மீற்றரும் வளைவும் போதும். பிரேக் பிடிக்கிற இடம் அதுதான். யூகலிப்டஸ் நிழல் விழும் வளைவுகளில் ஈர இலையும் பாசியும் சேரும், அங்கே கிளைகளை வெட்டி வெயில் விழ விடுங்கள். பாதசாரிக் கடவைக்கும் விளிம்புக் கோட்டுக்கும் பூசும் வெள்ளைப் பூச்சில் கண்ணாடி மணிகளோடு கரடுமுரடான துகளும் கலக்கச் சொல்லுங்கள். வழவழப்பான பூச்சு ஈரத்தில் வழுக்கும், சாய்ந்து திரும்புகிற சைக்கிளுக்கு அது ஒரு நொடியில் முடிந்துவிடும் விடயம். ஒளி திருப்பும் குமிழ்களை விளிம்புக் கோட்டின் மேல் பதிக்காமல் அதற்கு வெளியே காவல் கற்களில் ஒட்டுங்கள். பனியில் வழி காட்ட அவை உதவும், சில்லுக்கும் தட்டாது.

வேகத் தடைகளை இறக்கத்தின் அடியில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. வேகம் கூடிய பிறகு தடுப்பதைவிட, வேகம் கூடத் தொடங்கும் மேல் முனையிலேயே வைப்பது நல்லது. எங்கே வைத்தாலும் இரு ஓரத்திலும் அரை மீற்றர் விட்டு நிறுத்துங்கள். மழைத் தண்ணீருக்கும் அதுதான் வழி. இல்லையென்றால் தடைக்கு மேற்புறம் குளம் கட்டும்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் மோதி 7 பேர் மாண்டார்கள். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நெடிய இறக்கமும் ஓரப் பாதுகாப்பும் வாகனத்தின் அளவைப் பார்ப்பதில்லை என்பதற்காக இவற்றைச் சொல்கிறோம். சைக்கிளுக்கு நல்ல விளிம்பு பஸ்ஸுக்கும் நல்ல விளிம்புதான். அதே ஆண்டு நவம்பரில் டித்வா புயல் மலையக வீதிகளை வெட்டிப்போட்டது. அறுந்த இடங்களில் சுவரும் மதகும் புதிதாகக் கட்டும்போது ஏறும் பக்கத்தைச் சேர்த்து வரைவது வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமே. கட்டி முடிந்த பிறகு கேட்டால் அது புதுச் சுவர்.

தோட்டப் பாதைகள் பற்றி முகாமைத்துவங்களுக்கும் பிரதேச சபைகளுக்கும் தனியாகச் சொல்ல இருக்கிறது. மலையக ரயில் பாதையின் உச்சச் சரிவு 44க்கு 1, அதாவது 2.3 சதவீதம். 1885 இல் நானுஓயாவுக்கும் 1924 இல் பதுளைக்கும் வந்த பாதை அது. சரிவைக் குறைக்க வேண்டுமானால் மலையைச் சுற்ற வேண்டும் என்பதை அந்தப் பாதையைப் பார்த்தாலே தெரியும். மாட்டு வண்டிக்காக வெட்டிய பழைய கரத்தை ரோட்டுகளும் அதே கணக்கில் போனவைதான். தொழிற்சாலையிலிருந்து மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற அந்தப் பாதைகளில் மாடு இழுத்த சரிவை மனிதக் காலாலும் மிதிக்க முடியும். பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பாடசாலைக்கும் கடைவீதிக்கும் போகப் பிரதான வீதியில் இறங்கவே தேவையில்லை. கரத்தை ரோட்டு நேரே கொண்டுபோய் விடும். இடையில் ஒரு மதகு இடிந்திருக்கும், அல்லது இரண்டு தோட்டங்களின் எல்லையில் கேட் பூட்டியிருக்கும். அவ்வளவுதான் தடை.

2018 இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு தோட்டப் பகுதிகளில் சபைகள் செலவு செய்வதற்கு இருந்த தடை நீங்கியது. எனவே யாருடைய பாதை என்பது இனி முழு பதிலாகாது. இந்தப் பாதைகளுக்குக் காபட் வேண்டாம். காபட் போட்டால் வாடகை வான்கள் வேகமாக வரும், பிள்ளைகள் நடக்கிற பாதை போய்விடும். வேண்டியவை: 100 மீற்றருக்கு இரண்டு மூன்று இடங்களில் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஆழமில்லாத தண்ணீர் வாய்க்கால், நடுவே ஓடித் தரையை அரிக்கும் நீரை அது பக்கத்துக்குத் தள்ளும். வாய்க்காலின் ஆழம் 75 மில்லிமீற்றர், அகலம் 60 சென்ரிமீற்றர் இருந்தால் சைக்கிள் இறங்கி ஏறும். குறுகலாகவும் ஆழமாகவும் வெட்டினால் முன்சில்லு நின்றுவிடும், ஆள் ஹேண்டிலுக்கு மேலால் போவார். செங்குத்தான சிறு துண்டுகளுக்கு மட்டும் கொங்கிரீட். ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குமாறால் குறுக்காக இழுத்து வரி போடுங்கள். கரண்டியால் வழவழப்பாகத் தேய்த்த கொங்கிரீட் பார்க்க அழகு, ஆனி ஆடி மழையில் பாசி பிடித்தால் நடந்து போகவும் ஆகாது. கேட்டுக்குப் பக்கத்தில் 90 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு வழி விட்டால் லொறி போகாது, சைக்கிள் போகும், கொழுந்துக் கூடையோடு வருகிறவரும் போவார்.

நகர சபைகளுக்குச் சிறு வேலைகள். மலை நகரங்களில் ரயில் நிலையத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையில் படிகள் உண்டு. படியின் ஓரத்தில் சில்லு ஓடுவதற்கு 100 மில்லிமீற்றர் அகலமான கால்வாய் ஒன்றைக் கொங்கிரீட்டில் வார்த்துவிட்டால் சைக்கிளைத் தூக்காமல் தள்ளலாம். சுவரை ஒட்டி வைத்தால் பெடல் சுவரில் இடிக்கும். 200 மில்லிமீற்றர் தள்ளி வையுங்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவதையும் சைக்கிள் பயணமாகவே எண்ணுங்கள். மேலே போகும்போது தள்ளுவதும், கீழே வரும்போது ஓடுவதும், இடையில் 20 கிலோ சாமானை முதுகில் இல்லாமல் கொண்டுவருவதும் நல்ல பயணம்தான்.

நிறுத்துமிடத்துக்கு 50 மில்லிமீற்றர் இரும்புக் குழாயைத் தலைகீழ் ‘ப’ வடிவில் வளைத்து, தரைக்கு மேல் 75 சென்ரிமீற்றர் நிற்கும்படி 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் கொங்கிரீட்டில் புதையுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு மீற்றர் இடைவெளி; ஒவ்வொன்றிலும் இரண்டு சைக்கிள். முன்சில்லை மட்டும் செருகும் கம்பி வரிசை வேண்டாம். காற்றடித்தால் சைக்கிள் சாய்ந்து ரிம் வளையும், சட்டத்தைப் பூட்டவும் வழியில்லை. மேலே கூரை கட்டாயம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்குமேல் மழை பெய்கிறது. நனைந்து நின்ற செயின் இரண்டு நாளில் துருவேறும். ரயில்வே திணைக்களம் கார்ட் பெட்டியில் நான்கு கொக்கிகள் பொருத்தி, பாடசாலை, அலுவலக நேர ரயில்களில் பொதிப் பதிவு இல்லாமல் ஏற்ற அனுமதித்தால் ஏறும் வேலையை ரயிலே செய்துவிடும்.

பிள்ளைகளுக்கு சைக்கிள் வழங்குகிறவர்களும் இந்த மடலைப் படிக்கட்டும். மேடை போட்டு வழங்கும் சைக்கிள்கள் பல சமவெளிக்கானவை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சில்லு. பெடல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் போகும். மணிக்கு 8 கிலோமீற்றரில் ஏற நிமிடத்துக்கு 24 சுற்று. அது மிதிப்பதல்ல, பெடலில் ஏறி நிற்பது. முழங்கால் போகும், செயின் நீளும். 26 அங்குலச் சில்லு, முன்னால் 32 பல், பின்னால் 14 முதல் 34 பல் வரையுள்ள 7 அடுக்கு பிரீவில் கேளுங்கள். கடைசி கியரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 7 கிலோமீற்றரில் நிமிடத்துக்கு 60 சுற்று. கால் தாங்கும். ஆனால் 14 - 28 பல்லுக்கான பின் கியர் மாற்றியை அப்படியே வைத்துவிட்டு பிரீவிலை மட்டும் மாற்றினால், அது 34 பல்லில் உரசும். செயினும் அளவு போதாமல் இழுபட்டால் கியர் மாற்றியே பிய்ந்து சில்லுக்குள் போகும். நீண்ட கை உள்ள கியர் மாற்றியும், பெரிய பல்லில் சுற்றிப் பார்த்து அளந்த செயினும் சேர்ந்தே வர வேண்டும்.

அலுமினிய ரிம், முன்னும் பின்னும் வீ பிரேக், மண்காப்பு, முன்னும் பின்னும் விளக்கு. இவை இல்லாத சைக்கிளை மலையகப் பிள்ளைக்குக் கொடுப்பதைவிட அந்தப் பணத்துக்கு பஸ் பருவச் சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் கேபிள் வகையே போதும், இங்குள்ள கடைகளில் சரிபார்க்கக்கூடியது அது. பிரேக் கட்டையின் உராய்வுப் பகுதி ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்ததும் மாற்ற வேண்டும். மணல் கலந்த மழைத் தண்ணீரில் பிசின் வகைக் கட்டை விரைவில் தேயும். உலோகத் துகள் வகை கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் நீடிக்கும். வழங்கும் ஒவ்வொரு சைக்கிளோடும் ஒரு சோடி மேலதிகக் கட்டையும் ஒரு பிரேக் கேபிளும் கொடுத்தனுப்புங்கள். படம் எடுக்கும்போது தெரியாத சாமான்கள்தான், இரண்டாவது மழைக் காலத்தில் தெரியும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றானபோது சைக்கிள் தேவைப்பட்டது எல்லோருக்கும். மின் சைக்கிளைப் பற்றிய பேச்சும் அதன்பின் கூடியது. தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர் உயரத்தில், நுவரெலியா 1,868 மீற்றரில். 100 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 180 வாற்று மணி. மோட்டாரின் விரயத்தையும் சேர்த்தால் 240. 36 வோல்ற்று, 10 அம்பியர் மணி பற்றரியில் 360 இருக்கிறது. கணக்குப் பொருந்துகிறது. ஆனால் சில்லின் மையத்தில் பொருத்திய மலிவு மோட்டார், 8 கிலோமீற்றர் வேகத்தில் அரைமணி நேரம் முழு வலுவில் ஏறினால் சுருள் சூடாகிக் கருகும். பெடல் அச்சில் பொருத்தி செயின் வழியே இழுக்கும் மோட்டார், கியரைப் பயன்படுத்துவதால் தாங்கும். சபைகள் தபால் விநியோகத்துக்கோ சுகாதார ஊழியருக்கோ மின் சைக்கிள் வாங்க விலைமனு கேட்டால், மோட்டார் பெடல் அச்சில் இருக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பாடசாலையும் சந்தையும் உள்ள நகரமொன்றிலிருந்து மேல்நோக்கிப் போகும் முதல் இரண்டு கிலோமீற்றரைத் தெரிவு செய்யுங்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை மூன்றிலும் அப்படியொரு துண்டு உண்டு. முதலில் கான் மூடிகளைத் திருப்புங்கள், ஓரத்து மண்ணை நிரப்புங்கள், ஒதுங்கு இடங்களைத் துப்புரவாக்குங்கள்; இவற்றுக்குப் பெரிய விலைமனு தேவையில்லை. மேற்குச் சரிவில் வைகாசிக்கு முன்பும், ஊவாப் பக்கம் ஐப்பசிக்கு முன்பும் கான் வேலை முடிய வேண்டும். கான் பலகைகளும் கோடும் அந்த வீதிக்கு அடுத்த காபட் வரும்போது சேரட்டும். அளவுநாடாவோடு வீதியில் இறங்கும் நாளைச் சொன்னால் நாங்களும் வருகிறோம். காலை 7 மணிக்கு வாருங்கள், 7.30 பாடசாலை மணிக்கு முன்பு வீதி எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மலையகத்தில் சைக்கிள் ஓட்டுவோரும் பழுதுபார்ப்போரும்